எண்ணப்பட்டும் பேசாத வாக்குகள்: தேர்தல் ஆணைக்குழுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்



இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டு, 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் தேவைப்படாமலே கிடந்த ஓர் ஏற்பாடு, 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற ஒன்பதாவது தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளையும், அதாவது செல்லுபடியான வாக்குகளில் 42.31 சதவீதத்தையும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளையும் பெற, எவரும் பாதியைத் தாண்டாத நிலையில் ஏனைய 36 வேட்பாளர்களின் வாக்குச்சீட்டுகள் மீண்டும் எடுத்துப் பார்க்கப்பட்டன. அந்த இரண்டாவது எண்ணிக்கை குழப்பமோ வன்முறையோ இன்றி ஒரே நாளில் முடிந்து, செப்டெம்பர் 23ஆம் திகதி புதிய ஜனாதிபதி பதவியேற்றார் என்பது ஆணைக்குழுவுக்கும் அதன் அலுவலர்களுக்கும் உரிய பெருமையே. ஆயினும் எண்ணிக்கை ஒழுங்காக நடந்ததற்கும், எண்ணப்பட வேண்டியதை வாக்காளர் எழுதியிருந்ததற்கும் இடையே பெரிய தூரம் இருந்தது. இம்மடல் அந்தத் தூரத்தைப் பற்றியது.

இலங்கையின் முறை உலகில் அரிதானது என்பதால் அதன் இயங்குவிதத்தைச் சற்று விரித்துக் கூறுவது பயனுடையது. பிரான்சில் முதற்சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிடின், முதல் இருவருக்கிடையே இரண்டு வாரங்களின் பின் மறுசுற்று வாக்கெடுப்பு நடக்கிறது. இலங்கை அரசியலமைப்பை வகுத்தவர்கள் அந்த இரண்டு சுற்றுகளையும் ஒரே வாக்குச்சீட்டில் அடக்கினர். வாக்காளர் தமக்கு முதன்மையாக வேண்டியவருக்கு 1 என்றும், அவர் வெல்லாவிடின் யார் வேண்டும் என்பதற்கு 2 என்றும், அவரும் இல்லையெனில் 3 என்றும் எழுதலாம். 2, 3 என்பன கட்டாயமல்ல. முதல் விருப்பத்தெரிவுகளில் எவரும் பாதியைத் தாண்டாதபோது முதல் இரண்டு இடங்களில் உள்ளோரைத் தவிர ஏனையோர் அனைவரும் ஒரே வேளையில் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாவது விருப்பத்தெரிவு எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருப்பின் அவருக்கும், அது நீக்கப்பட்ட இன்னொருவருக்கு இருப்பின் மூன்றாவது விருப்பத்தெரிவின்படியும் வாக்கு சேர்க்கப்படும். இவ்வாறு எண்ணப்பட்ட வாக்குகளில் பெரும்பான்மை பெறுபவரே ஜனாதிபதி. இரண்டு எண்களையும் எழுதாமல் விட்டவரின் சீட்டு, அவர் மறுசுற்று நாளில் வாக்குச்சாவடிக்கே வராமல் இருந்ததற்குச் சமமாகிவிடுகிறது.

தேர்தலின் முற்பகுதியை அனைவரும் அறிவர். பதவிக்காலம் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேற்படாமலும் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் உள்ள இடைவெளிக்குள் வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும்; அதற்கேற்ப வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, கட்டுப்பணம் செலுத்தப்பட்டு, வேட்புமனுக்கள் ஏற்கப்படுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சியின் வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபாய். சுயேச்சையாக நிற்பவருக்கு 75,000 ரூபாய், அவரும் நாடாளுமன்றத்தில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினராக இருப்பவர் அல்லது இருந்தவராக இருத்தல் வேண்டும். பின்னர் பிரசாரக் காலம், அரச ஊழியருக்கும் படையினருக்கும் உரிய அஞ்சல்மூல வாக்களிப்பு, வாக்களிப்புக்கு முந்தைய 48 மணி நேர மௌனக் காலம், இறுதியாக 22 தேர்தல் மாவட்டங்களிலும் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரையிலான வாக்களிப்பு. இந்த ஒழுங்கில் பெரிதாகக் குறை காண ஒன்றுமில்லை.

குறை பிரசாரத்தின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. பிரசார மேடைகளில் கேட்பது பெரும்பாலும் முதலாவது எண் மட்டுமே. பெரிய கட்சிகளுக்கு அதில் ஒரு கணக்கு உண்டு: தம் ஆதரவாளரிடம் இரண்டாவது ஒருவரைப் பற்றிப் பேசுவது தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதாகத் தோன்றும் என அவை அஞ்சுகின்றன. அந்த அச்சம் முழுமையாகப் பொருளற்றதல்ல. ஆனால் கட்சிகள் பேசாத ஒன்றை வாக்காளர் தாமாகவே கற்றுக்கொள்வார் என எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. பேச வேண்டிய பொறுப்பு, வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஆணைக்குழுவுக்கே எஞ்சுகிறது.

2024ஆம் ஆண்டின் எண்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்தப் பொறுப்பின் அளவு தெரியும். செல்லுபடியான 13,319,616 வாக்குகளில், நீக்கப்பட்ட 36 பேருக்கும் சேர்ந்து விழுந்தவை 3,321,666. இவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்கு 105,264 வாக்குகளும் சஜித் பிரேமதாசவுக்கு 167,867 வாக்குகளும் போய்ச் சேர்ந்தன. இரண்டும் கூடி 273,131. அதாவது நீக்கப்பட்டவர்களுக்கு வாக்களித்த நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேரின் சீட்டுகளே இறுதிப் போட்டியில் பேசின. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சீட்டுகள் அங்கே ஊமையாகவே கிடந்தன. இறுதியில் வெற்றியாளரின் 5,740,179 வாக்குகள், இருவருக்குமாக எண்ணப்பட்டவற்றில் 55.89 சதவீதமாக அமைந்து அரசியலமைப்பின் நிபந்தனையை நிறைவேற்றின என்றாலும், செல்லுபடியான அனைத்து வாக்குகளிலும் அவை 43 சதவீதத்தைச் சற்றே தாண்டின. இதனால் வெற்றியின் சட்டபூர்வத் தன்மைக்குச் சிறிதும் பங்கமில்லை. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே 1,271,880 வாக்கு வித்தியாசம் இருந்ததால் அந்த மௌனம் அம்முறை எவரையும் வருத்தவில்லை, அவ்வளவே. வித்தியாசம் முப்பதாயிரமாக இருந்திருப்பின், அல்லது இரண்டாவது எண்ணிக்கை முதலிடத்தை மாற்றியிருப்பின், எழுதப்படாத முப்பது இலட்சம் விருப்பங்கள் நாட்டை எத்தகைய சர்ச்சைக்குள் இழுத்திருக்கும் என்பதைத் தலைவர் அவர்களே நன்கறிவார்.

அத்தகைய நெருக்கடி கற்பனையானதல்ல. இதற்கு முன் இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. 1988இல் தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியால் வாக்களிப்பு 55 சதவீதமளவுக்குச் சுருங்கிய நிலையில், ரணசிங்க பிரேமதாச 50.43 சதவீதம் பெற்று, பாதிக்கு மேல் சுமார் 22,000 வாக்குகளால் மட்டுமே தப்பினார். 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் பெற்றபோது அந்த மிகை 29,000க்கும் குறைவு. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 சதவீதமாக இருந்த தேர்தல் அது. ஏழு இலட்சம் வாக்காளர் பதிவாகியிருந்த அம்மாவட்டத்தில் மக்கள் வழமைபோல வாக்களித்திருப்பின், 2024 வரை காத்திருக்காமல் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாவது விருப்பத்தெரிவுகளை எண்ண வேண்டி வந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் எண்ணிக்கையிலேயே முடிவு கிடைத்துவிட்டதால், 2, 3 என்பவை வாக்குச்சீட்டில் இடம் இருந்தும் பழக்கத்தில் இல்லாதவையாகின.

பழக்கத்தின் கதையில் வேறொரு தடையும் உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் முதலில் கட்சிக்கு எதிரே புள்ளடியிட்டு, பின்னர் அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர்வரை அவர்களின் இலக்கங்களின் மேலும் புள்ளடியிடுகிறார்; அங்கே அம்மூவருக்கும் இடையே வரிசை ஏதுமில்லை. ஜனாதிபதித் தேர்தலிலோ வரிசையே முழுப்பொருள். அதே வேளை, 1 என்று எழுதாமல் ஒரேயொரு புள்ளடி இட்டாலும் அதுவும் செல்லுபடியான முதல் விருப்பமாகவே ஏற்கப்படுகிறது. வாக்காளருக்கு இரக்கம் காட்டும் இந்த ஏற்பாடு தேவையானதே. எனினும், பழகிய புள்ளடியோடு வேலை முடிந்தது என்று சீட்டை மடிப்பதற்கும் அதுவே வழி திறந்துவிடுகிறது. ஒரே நாட்டில், ஒரே பென்சிலால், தேர்தலுக்குத் தேர்தல் வெவ்வேறு விதமாக வாக்களிக்கச் சொல்லிவிட்டு, வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்பு நாளிதழ் விளம்பரத்தில் வேறுபாட்டை விளக்குவது போதாது.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளும் இதையே சுட்டுகின்றன. 2019இல் 135,452 ஆக, அளிக்கப்பட்ட வாக்குகளில் ஒரு சதவீதமளவில் இருந்த அவை, 2024இல் 300,300 ஆகி இரண்டு சதவீதத்தைத் தாண்டின; ஐந்தாம் இடம் பெற்ற வேட்பாளரின் மொத்த வாக்குகளைவிட இது அதிகம். பெயர்கள் நிறைந்து இரண்டு அடிக்கும் மேல் நீண்ட சீட்டு காரணமா, எண்ணிடுவதில் நேர்ந்த தடுமாற்றமா, எவரும் வேண்டாம் என்ற கோபத்தில் வேண்டுமென்றே கெடுத்தவையா என்பதை, நிராகரித்த காரணங்களின்படி சீட்டுகளை வகைப்படுத்தினாலன்றி எவராலும் கூற இயலாது. அதைச் செய்யக்கூடிய நிறுவனம் நாட்டில் ஒன்றே.

இந்த முறைக்கு அரசியல் அறிஞர்களிடையே ஒரு மதிப்பு இருந்ததும் இங்கு குறிப்பிடத்தக்கது. இனங்களாகப் பிளவுபட்ட நாடுகளைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹொரோவிட்ஸ், ஒரு வேட்பாளர் பிற சமூகத்தின் இரண்டாவது விருப்பங்களையும் நாட வேண்டியிருப்பின் அவரது பேச்சு தானாகவே மிதமாகும் என்ற நோக்கில் இலங்கையின் ஏற்பாட்டை எடுத்துக்காட்டியவர். கோட்பாட்டில் அது சரி. அயர்லாந்தில் 1990இல் முதல் எண்ணிக்கையில் பிரையன் லெனிகனுக்குப் பின்தங்கியிருந்த மேரி ராபின்சன், மூன்றாம் இடத்தவரின் வாக்குகளில் பெரும்பகுதி தம்மிடம் மாறியதால் ஜனாதிபதியானது, இரண்டாவது எண்ணை எழுதப் பழகிய மக்களிடையே அது எவ்வளவு வலிமையுள்ளது என்பதற்குச் சான்று. இலங்கையிலோ 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் பெற்ற 226,343 வாக்குகள், முதல் எண்ணால் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு இரண்டாவது எண்ணால் ஆட்சித் தெரிவிலும் பங்கேற்கும் வாய்ப்பை உடையவையாக இருந்தன. சிறுபான்மைச் சமூகத்தின் வாக்காளருக்கு இந்த முறை தரும் தனிச்சிறப்பே அதுதான். எதிர்ப்பும் பங்கேற்பும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை. அவர்களில் எத்தனை பேர் இரண்டையும் செய்தனர் என்பதை வேட்பாளர்வாரியான கணக்கின்றி மதிப்பிட வழியில்லை.

ஆகவே ஆணைக்குழுவின் முன் வைக்கப்படும் முதல் வேண்டுகோள் அந்தக் கணக்கைப் பற்றியதே. இரண்டாவது எண்ணிக்கை நிகழும் எத்தேர்தலிலும், நீக்கப்பட்ட ஒவ்வொரு வேட்பாளரின் சீட்டுகளிலிருந்தும் எஞ்சிய இருவருக்கும் எத்தனை வாக்குகள் போயின, எத்தனை சீட்டுகளில் மேலும் விருப்பமே எழுதப்படவில்லை, எத்தனையில் எழுதப்பட்ட விருப்பங்களும் நீக்கப்பட்டோருக்கே போயின என்பதைத் தேர்தல் மாவட்டவாரியாக வெளியிடுவது வழக்கமாக வேண்டும். எழுதாமல் விட்டவரும், எழுதியும் பயனற்றுப் போனவரும் ஒருவரல்லர். முன்னவருக்குத் தேவை கல்வி, பின்னவரின் நிலை முறையின் குறையைக் காட்டுவது. மூன்று விருப்பங்கள் என்ற எல்லை 38 பேர் நிற்கும் களத்துக்குப் போதுமா என்ற கேள்விக்கும் அந்தக் கணக்கிலேதான் விடை இருக்கும்.

வேட்பாளர் தொகையும் இதனோடு தொடர்புடையது. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டத்தின் கீழ் 2024இல் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற உச்சவரம்பு குறிக்கப்பட்டது. 17,140,354 வாக்காளருக்கு அது ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபாய். வெல்லும் எண்ணமின்றி வேறொருவரின் பொருட்டுக் களமிறங்கும் நிழல் வேட்பாளர், அரச வானொலி தொலைக்காட்சி நேரத்தையும் வாக்கெண்ணும் நிலையத்து முகவர் இடங்களையும் பெறுவதோடு, இந்த உச்சவரம்பையும் மறைமுகமாக இரட்டிப்பாக்கக் கூடியவர். கட்டுப்பணத்தை உயர்த்தினால் இவர்கள் குறைவர் என்ற வாதம் பாதியே உண்மை: பணமுள்ள நிழலை அது தடுக்காது, பணமில்லாத சமூகத்தின் உண்மையான வேட்பாளரையே தடுக்கும். செலவுக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் ஆணைக்குழு கேட்டுப் பெறுவதே பொருத்தமான வழி.

எஞ்சியது பயிற்சி. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வழமையான கால ஒழுங்கில் 2029இல் வரும். அதில் முதன்முறையாக வாக்களிக்க இருப்போரில் பலர் இன்று பாடசாலையில் இருக்கின்றனர். மாணவர் தலைவர் தெரிவை 1, 2, 3 என எண்ணிட்டே நடத்துமாறு கல்வி அமைச்சோடு இணைந்து ஆணைக்குழு ஏற்பாடு செய்யலாம். கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களில், வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படும் காலத்திலேயே, மூன்று எண்களும் இடப்பட்ட மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைச் சிங்களத்திலும் தமிழிலும் காட்சிக்கு வைக்கலாம். கட்சிகளோடு நடத்தும் கலந்துரையாடல்களில், தம் ஆதரவாளரிடம் ஓர் எண்ணை மட்டும் இடச் சொல்வது அக்கட்சிகளின் உரிமை என்றாலும், ஏனைய எண்களை இட்டால் சீட்டு செல்லாது என்று எவரும் கூறினால் அது வாக்காளரைத் திசைதிருப்பும் பொய்ப் பிரசாரமாகக் கருதப்படும் என்பதை எழுத்தில் அறிவிக்கலாம். இவற்றுள் எதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. முதல் இரண்டுக்கும் வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.