அளவுக்கு மிஞ்சிய புகழ்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது உணவைக் குறித்து நம் மூத்தோர் சொல்லும் பழமொழி. புகழுக்கும் அது பொருந்துமோ என்னும் வினா சென்ற வாரம் எம் இல்லத்தில் எழுந்தது. எழுப்பியவன் என் தமையனாரின் மகன். மேனாட்டு றொக் இசையைக் கைத்தொலைபேசியிலிருந்து காதுக்குள் ஊற்றிக்கொண்டே உலவும் இருபத்திரண்டு வயது இளைஞன்.

“சித்தப்பா, பழைய றொக் இசைத்தட்டுகளுள் தகுதிக்கு மேல் புகழப்பட்டது எது தெரியுமா? பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ற் பெப்பர்’தான்” என்றான்.

அந்த இசைத்தட்டை முப்பது ஆண்டுகளாகப் போற்றி வருபவன் யான். சினம் எழுந்தது உண்மை. எனினும் வழக்கை விசாரியாது தீர்ப்புக் கூறுதல் முறையன்று அன்றோ? அவனுடைய கட்சியை எடுத்துரைக்குமாறு பணித்தேன்.

அவன் ஆயத்தமாகவே வந்திருந்தான். கற்பனையானதோர் இசைக்குழு மேடையேறிப் பாடுவதாகத் தொடங்கும் அவ்விசைத்தட்டு, இரண்டு பாடல்களுக்குள் அக்கற்பனையைக் கைவிட்டு, இறுதியை அண்மிக்கும்போதே அதனை மீண்டும் நினைவுகூருகின்றது என்றான். தம் பாடல்கள் வேறெந்த இசைத்தட்டிலும் இடம்பெற்றிருக்கலாம் என்று ஜோன் லெனனே பிற்காலத்தில் கூறியிருக்கின்றார் என்றான். அதே அமர்வுகளில் பதிவான ‘ஸ்ரோபெறி பீல்ட்ஸ்’, ‘பெனி லேன்’ என்னும் இரு சிறந்த பாடல்களும் 1967 பெப்ரவரியில் தனித்தட்டாக வெளியிடப்பட்டமையால் இதில் இடம்பெறவில்லை என்பதையும் சுட்டினான். முந்திய ஆண்டில் வந்த ‘றிவோல்வர்’ பாட்டுக்குப் பாட்டு இதனை விஞ்சும் என்பது அவன் முடிபு.

இவ்வழக்குப் புதியதன்று. இசைத்தட்டு வெளிவந்த 1967 ஜூன் மாதத்திலேயே, ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில் றிச்சட் கோல்ட்ஸ்ரைன் என்னும் விமரிசகர், அளவுக்கு மிஞ்சிய கவனிப்பினால் கெட்டுப்போன பிள்ளைக்கு அதனை ஒப்பிட்டார். கண்டனக் கடிதங்கள் அவர்மீது குவிந்தன. ஊரே போற்றும்போது ஒருவன் மறுத்துரைப்பதற்கு வேண்டிய துணிவை, அவருடைய கருத்தை ஏற்காதவர்களும் மதித்தல் வேண்டும்.

இனி என் கட்சியைக் கேளுங்கள். 1966 ஓகஸ்ற் மாதத்தில் சன் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த நிகழ்ச்சியுடன் பீற்றில்ஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்தினர். மேடையில் மீண்டும் பாடிக்காட்ட வேண்டிய கட்டாயம் நீங்கவே, லண்டன் அபே றோட் வீதியிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு வாத்தியமாக்கிக் கொண்டனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்தது நான்கே தடங்களைக் கொண்ட ஒலிப்பதிவுப் பொறி. நான்கு தடங்களும் நிறைந்தவுடன் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றி, மிஞ்சிய தடங்களில் மேலும் பதிவு செய்வர். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினின் மேற்பார்வையில், இறுதிப் பாடலுக்காக நாற்பது வாத்தியகாரர் தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சம் வரை ஏறிச் சென்றனர். பாடல்களின் சொற்கள் முழுவதும் உறையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டன. அத்தகைய வழக்கம் அந்நாளில் அரிது. 1968 இல், ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிறாமி விருதினைப் பெற்ற முதலாவது றொக் இசைத்தட்டும் இதுவே.

இவற்றையெல்லாம் கூறி முடித்ததும் பையன் அமைதியாக ஒரு வினா தொடுத்தான்: “சித்தப்பா, நீங்கள் அதனை முழுவதுமாகக் கடைசியாகக் கேட்டது எப்போது?”

வாசக நேயர்களே, என் நா எழவில்லை. நான்கைந்து பாடல்களை நன்கறிவேன். ஆனால் முதலிலிருந்து ஈறு வரை ஒரே இருப்பிலிருந்து கேட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் இயலவில்லை. முப்பது ஆண்டுகளாக என் செவி அறிந்ததைக் காட்டிலும் என் வாய் அதிகமாகப் புகழ்ந்திருக்கின்றது. புகழ் மிகையாவது இவ்விதமே போலும். இசைத்தட்டைச் செய்தவர்கள் அன்று; கேளாமலே வழிமொழிந்த என்போன்றோரே அதற்குப் பொறுப்பாளிகள்.

அன்றிரவு இருவரும் அமர்ந்தோம். ஏறத்தாழ நாற்பது நிமிடம், பேச்சில்லை, பாட்டைத் தாண்டிச் செல்லுதலும் இல்லை. ஜோர்ஜ் ஹரிசன் இயற்றிய பாடல் வந்தது. தம்பூராவும் தில்ரூபாவும் தபேலாவும் ஒலிக்கும் அப்பாடலை மேனாட்டு நேயர் பலர் தாண்டிச் செல்வதுண்டு. என் பெறாமகனும் அவ்வாறே செய்து வந்தவன். நம் சங்கீதத்தில் பழகிய செவிக்கு அது தொடக்க மாணவனின் பாடமாகவே தோன்றும். ஆயினும் அம்மாணவனின் பணிவு போலியன்று. “இதை நான் கேட்டதேயில்லை” என்றான் அவன். நாங்கள் இருவரும் குற்றவாளிகள் என்பது தெளிவாயிற்று. ஒருவன் கேளாமல் புகழ்ந்தான். மற்றவன் கேளாமல் இகழ்ந்தான்.

முடிவில் யான் கண்டது இதுதான். வேறு சில பாடல்கள் மெலிந்தவை என்பதில் பையன் சொன்னது சரி. என் மனத்திலும் ‘றிவோல்வர்’ சற்று மேலே ஏறிவிட்டது. ஆனால் அன்று புதுமையாக இருந்தவற்றைப் பிறர் கற்றுக்கொண்டமையாலேயே அவை இன்று சாதாரணமாக ஒலிக்கின்றன என்பதை அவனும் ஒப்புக்கொண்டான். வழிகாட்டியவன் பின்னே ஊர் முழுவதும் நடந்து பாதை அகன்றுவிட்டால், அவனுடைய முதற் சுவடு கண்ணுக்குப் புலப்படாது.

வரிசைப் பட்டியல்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை 2003 இல் வெளியிட்ட ஐந்நூறு இசைத்தட்டுகளின் வரிசையில் முதலிடம் பெற்றது ‘சார்ஜன்ற் பெப்பர்’. 2020 இல் புதிதாக வாக்கெடுத்தபோது முதலிடம் மாவின் கேயின் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குச் சென்றது. இதற்குக் கிடைத்தது 24 ஆம் இடம். அதற்கு நேர் மேலே, 23 ஆம் இடத்தில் நின்றது ‘வெல்வெற் அண்டர்கிறவுண்ட்’ குழுவினர் நிக்கோ என்னும் பாடகியுடன் செய்த இசைத்தட்டு. அதே 1967 இல் வெளிவந்து, விற்பனையாகாமல், ஏறத்தாழ எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்த இசைத்தட்டு அது! இரண்டிலும் ஒரு சுரமேனும் மாறவில்லை, மாறியவை செவிகளே.

ஆகவே, “எது மிகையாகப் புகழப்பட்டது?” என்று இளைஞர்கள் வினவும்போது பெரியோர் சினத்தல் வேண்டா, கேளாமல் விட்ட ஒன்றை நம்மைக் கேட்க வைப்பதால் அவ்வினா பயனுடையதே. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வழக்காடுவோர் இருவரும் முதலில் இசைத்தட்டை முழுமையாகக் கேட்டுவிட்டு வருதல் வேண்டும்.

அன்றிரவு இறுதிப் பாடல் முடிந்து, பல பியானோக்களில் ஒருமித்து எழுந்த அந்தக் கடைசி நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும் வரை எங்களுள் எவரும் வாய் திறக்கவில்லை. வருகின்ற ஞாயிறு ‘றிவோல்வர்’ கேட்பதாக முடிவு செய்திருக்கின்றோம்.