சுமங்கலித் திட்டம்: விரும்பித்தான் வந்தார்களா?

“யாருங்க கட்டாயப்படுத்துனது? அவங்களா விரும்பித்தானுங்க வந்தாங்க.” கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ பற்றிய பேச்சு வந்தாலே இந்தப் பதில்தான். 3 ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால், கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. பாதியில் கிளம்பினால் அது கைக்கு வராமலே போகலாம். பலருக்கு அது பரிசுகூட இல்லை, மாதாமாதம் பிடித்துவைத்த சொந்தச் சம்பளம்!

தண்டனையைவிட வெகுமதியே மனிதரை நன்றாக வழிநடத்தும் என்றார் உளவியலாளர் ஸ்கின்னர். இங்கே வெகுமதிக்குள்ளேயே தண்டனையும் இருக்கிறது. 35-வது மாதம் உடம்பு முடியாமல் போனால் அந்தப் பெண் என்ன செய்வாள்?

வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆள் சேர்த்ததோ அந்தப் பயத்தைக் காட்டித்தான். முழுச் சம்பளத்தையும் மாதாமாதம் கையில் கொடுத்துவிட்டு, “இன்னும் இருக்கறியாம்மா?” என்று கேட்க எத்தனை ஆலைகள் தயார்?