தொப்பூரில் பனி பெய்யாது

தருமபுரி அருகே தொப்பூர் கணவாயில் இறங்கும் சாலைக்கு எண் 44. பழைய ஓட்டுநர்களுக்கு அது இன்னமும் என்.எச். 7 தான். 2010இல் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே எண் போட்டுவிட்டார்கள். பாளையம் சுங்கச்சாவடியில் வண்டியை வடக்கே திருப்பினால் கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று எண் மாறாமல் காஷ்மீர் போய்விடலாம். டிஎன் 29 பதிவெண் போட்ட வண்டி ஒன்று தார் இளகும் வெயிலில் கிளம்பி, அதே சாலையிலேயே பனிக்குள் நுழையலாம். டயரை மட்டும் யாரும் வழியில் மாற்றுவதில்லை.

இதை யோசிக்க வைத்தவர்கள் எங்கள் தெருப் பையன்கள். டிசம்பர் லீவில் காரிலேயே மணாலி போகிறார்களாம். "ஸ்னோ டயர் போட்டுக்கலாமாண்ணா? ஆன்லைன்ல வருது" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அதில் ஒருவன், "அலாய் வீலோட சேத்தே மாத்திட்டா கெத்தா இருக்கும்" என்றான். கேள்வியின் பாதி பனியைப் பற்றியது, மீதி கெத்தைப் பற்றியது என்று புரிந்தது. இரண்டையும் பார்த்துவிடலாம்.

பனிக்கால டயர் என்பது முதலில் ரப்பர் சமாசாரம். நம் கார்களில் இருக்கும் சாதாரண டயரின் ரப்பர், குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க விறைத்துக்கொள்ளும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளத்தில் பதியாது. பதியாவிட்டால் பிடிக்காது. பனி விழுந்திருக்கவே வேண்டாம், குளிர் மட்டும் போதும். பனிக்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூட்டிச் சேர்த்து, அந்தக் குளிரிலும் இளகலாக வைத்திருக்கிறார்கள். அடுத்தது பட்டன், டயரின் முகத்தில் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டிகள். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் திறந்து பனியைக் கவ்வும். பட்டன் இடுக்கில் பனி அடைத்துக்கொள்வதும் நல்லதற்குத்தான். பனி ரப்பரில் வழுக்கும். பனியோடு பனி பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ச் சேற்றுக்கு நேர் எதிர். சேறு பட்டனில் அடைத்தால் வண்டி அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய அடையாளம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது தயாரித்தவரே சொல்லிக்கொள்வது, சோதனை எதுவும் இல்லை. ஜெர்மனி 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் டயரைப் பனிக்கால டயராக ஏற்றுக்கொள்வதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில், நம்மவர்கள் அதிகமிருக்கும் டொரொன்டோவில், கட்டாயமில்லை. ஆனால் போட்டவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, 2016லிருந்து. சட்டத்தால் ஓட்டுவது ஒரு வழி, சில்லறையால் ஓட்டுவது இன்னொரு வழி.

இந்த டயரின் பிறப்பு லாரிக்காரர்களுக்குப் பிடிக்கும். 1934இல் பின்லாந்தில், இன்று நோக்கியன் டயர்ஸ் என்று அறியப்படும் நிறுவனம் செய்த முதல் பனிக்கால டயர் காருக்கானதல்ல, லாரிக்கானது. பனியில் சரக்கு நின்றுபோனால் ஊர் நின்றுபோகும் என்பதால் லாரிக்கு முதல் மரியாதை. கார்களுக்கான டயர் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

பனி டயரோடு வாழப் பழகிய தமிழர்கள் என்றால் நார்வேயின் வடகோடிக்குப் போனவர்களைச் சொல்ல வேண்டும். 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களில் பலர் ஃபின்மார்க் மாகாணத்து மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள், இரும்பு ஆணி பதித்த டயரில் கார் ஓட்டப் பழகினார்கள். அங்கே வடக்கு மாகாணங்களில் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் முடிவுவரை ஆணி டயருக்கு அனுமதி. தெற்கே ஒஸ்லோவில் அதே ஆணி டயருக்குக் கட்டணம் வசூலிக்கிறார்கள், ஆணி தாரைச் சுரண்டித் தூசி கிளப்புகிறதென்று. இன்னொரு வேடிக்கை, கழற்றிய டயரை வைக்க வீட்டில் இடமில்லாதவர்களுக்காக அங்கே 'டயர் ஹோட்டல்' நடக்கிறது. கோடையில் பனிக்கால டயர் அறை எடுத்துத் தங்கும், குளிர்காலத்தில் கோடை டயர். நம் ஊரில் கழற்றிய டயருக்குக் கிடைக்கும் இடம் மொட்டைமாடி ஓலைக்கூரை. காற்றுக்குப் பறக்காமலிருக்கப் பாரம்.

இனி கெத்து. பனியில் அகலமான டயர் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கொஞ்சம் பனி கிடக்கும் சாலையில் நிலைமை வேறு. ஒடுக்கமான டயர் பனியைக் கீறிக்கொண்டு அடியிலிருக்கும் தரையைத் தேடும். அகல டயர் பனியின் மேல் ஏறி மிதக்கும். மழைநீரிலும் இதே கதைதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பனிக்காலத்துக்கு ஓர் அளவு சிறிய சக்கரமும், அதற்கேற்ப உயரம் கூடிய பக்கச்சுவருள்ள ஒடுக்க டயரும் வாங்குகிறார்கள். மொத்த விட்டம் மாறக்கூடாது, மாறினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். பிரேக் உறுப்பில் இடிக்காத அளவாகவும் இருக்க வேண்டும். அந்தச் சக்கரமும் பெரும்பாலும் கறுப்பு இரும்பு டிஸ்க்தான், அலாய் இல்லை. சாலையில் கொட்டும் உப்பு அலாயின் பூச்சை அரித்துவிடும். பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் பள்ளத்தில் இறங்கினால் இரும்பு நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம், அலாய் விரிசல் விடும். தனி டிஸ்கிலேயே டயரை மாட்டி வைத்திருந்தால் வருடத்துக்கு இரண்டு தடவை டயரைப் பிரித்துக் கோர்க்கும் வேலையும் இல்லை. நான்கு நட்டைக் கழற்றி மாட்டினால் ஆயிற்று. ஆக, பனி தெரிந்த நாட்டில் கெத்தான சக்கரம் கோடைக்குத்தான்.

நான்கு டயரும் மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் சுழற்றும் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போட்டால் வண்டி கிளம்பும், வளைவில் மற்ற இரண்டும் தனி வழி பார்க்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்களின் தைரியமும் இப்படிப்பட்டதுதான். நான்கு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, அதில் அவர்களுக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை.

நிற்பதைக் கணக்காகவே பார்க்கலாம். காய்ந்த தாரில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் ஏறக்குறைய 0.75. இறுகிய பனியில் 0.2. பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு தாரில் 13 மீட்டரில் நிற்கும். பனியில் 49 மீட்டர். பனிக்கட்டியில் 98 மீட்டர். இது சமதளக் கணக்கு. நூறு அடிக்கு ஐந்து அடி இறங்கும் சரிவாக இருந்தால் பிடிமானத்திலிருந்து 0.05ஐக் கழிக்க வேண்டும். தாரில் இந்தக் கழிவு ஒரு பொருட்டே இல்லை. பனிக்கட்டியில் இருப்பதில் பாதி போய்விடும், 98 மீட்டர் 196 ஆகும்.

இந்த இடத்தில்தான் தொப்பூர் எனக்குப் புரிந்தது. காய்ந்த தொப்பூரில் நடக்கும் விபத்துகளுக்கு டயர் குற்றவாளி இல்லை. அங்கே தோற்பது பிரேக். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிறார்கள். எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் முழுவதும் பிரேக் லைனர் மேல் விழுகிறது. 40 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் பிறக்கும் வெப்பம் 130 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கியரில் இறக்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் டிரம்மும் லைனரும்தான் வாங்க வேண்டும். லைனர் காய்ந்து வழுக்கிய பிறகு எத்தனை மிதித்தாலும் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தருகே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து 4 பேர் இறந்த காட்சி தமிழ்நாடு முழுக்கக் கைப்பேசிகளில் ஓடியது. அந்தச் சரிவிலிருந்து விபத்துச் சேதி வராத வாரம் குறைவு.

மழையில் கதை மாறும். பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் ரப்பர்த் தூளையும் குழைத்துவிடும். பட்டன் தேய்ந்த டயருக்குக் கீழிருந்து தண்ணீர் வெளியேற வாய்க்கால் இல்லை. அப்போது தொப்பூர் காஷ்மீரின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பிரேக் நன்றாகப் பிடித்தாலும் சக்கரம்தான் நிற்கும், வண்டி போய்க்கொண்டிருக்கும். பட்டன் வாய்க்காலின் அடியில் குறுக்கே ஒரு சின்ன மேடு இருப்பதைப் பலர் பார்த்ததே இல்லை. கார் டயரில் அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது. பனி நாடுகளில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றச் சொல்கிறார்கள். நம் சாலைகளில் மேடும் தேய்ந்து, உள்ளிருக்கும் நூல் தெரியும்வரை ஓட்டுகிற வண்டிகள் உண்டு. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுக்கோடு கீறித் தருகிறவர்களும் உண்டு. கோடு ஆழமாகும், கீழே மிச்சமிருக்கும் ரப்பர் மெலியும். காய்கறி லோடு ஏற்றிய வேன் ஒன்று அப்படிப்பட்ட டயரில் போவதைப் பார்த்து, தெரிந்த டயர் கடைக்காரரிடம் கேட்டேன். "எஃப்.சி.க்குப் போறப்ப நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக்கிட்டுப் போவாங்க சார். வந்ததும் கழட்டிருவாங்க. நார்வேயில டயர் மாத்துறாங்கன்னு நீங்க சொல்றீங்க, நாங்களும் வருசத்துக்கு ரெண்டு தடவ மாத்துறோம்" என்று சிரித்தார்.

டயருக்கு வயது பார்க்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள். 3523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் பிறந்தது. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் டயர், பட்டன் நன்றாகவே இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். நம்மிடம் குளிர் செய்யாத வேலையை வெயிலும் வயதும் செய்து முடிக்கின்றன. ஸ்டெப்னியைப் பெரும்பாலும் யாரும் எண்ணுவதே இல்லை.

சாலையைத் திருத்துவது அரசின் வேலை, அது தன் வேகத்தில் நடக்கும். காஷ்மீரில் 1956இல் திறந்த ஜவாஹர் சுரங்கம் பனி அதிகம் விழும் உயரத்தில் இருந்தது. பனியால் அடைபடுவதைக் குறைக்க, ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வாக பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் நடுவில் எட்டரைக் கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து 2021இல்தான் வண்டிகளை விட்டார்கள். டயரால் முடியாததை மலையைத் துளைத்துச் சாதித்தார்கள், 65 வருடம் ஆனது. தொப்பூரின் சரிவைக் குறைக்க உயர்மட்டச் சாலை வருகிறது என்கிறார்கள், வரட்டும்.

பையன்களுக்கு நான் சொன்னது இதுதான். ஸ்னோ டயர் வேண்டாம். தருமபுரியில் மார்கழி விடியலிலும் 7 டிகிரி வராது. ஊட்டியில் உறைபனி விழும் சில இரவுகளை விட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வேலையே இல்லை. மணாலி வரைக்கும் போகவர ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அதில் பெரும்பகுதி குளிரில்லாத தார்ச்சாலை. அந்த இளகல் ரப்பர் வழியிலேயே தேய்ந்து போகும், சூட்டில் பிரேக் தூரமும் கூடும். இருக்கிற டயரின் பட்டனையும் வயதையும் பாருங்கள், நான்கும் ஒரே மாதிரி இல்லையென்றால் அந்தக் காசை அதற்குப் போடுங்கள். காலைக் குளிரில் காற்றை மறுபடி பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் இரண்டு பி.எஸ்.ஐ. போல இறங்கியிருக்கும். மணாலியில் காரை நிறுத்திவிட்டு, பனி கிடக்கும் சாலைக்குச் செயின் கட்டிய உள்ளூர் வண்டியைப் பேசிக்கொள்ளுங்கள். பனி விழுந்த நாளில் அடல் சுரங்கம் பக்கம் செயின் இல்லாத சாதாரண வண்டியைப் போலீஸே விடாது. காஷ்மீரில் தங்மர்கிலிருந்து குல்மர்க் ஏறவும் அதே விதி. செயின் கட்டத் தெரிந்தவர் கையில் பத்து நிமிட வேலை, தெரியாதவர் கையில் விரல் மரத்துப்போகும் வேலை. கட்டிய பிறகும் 40க்கு மேல் போகக்கூடாது, தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

"அலாய்?" என்றான் அவன். அதற்கும் பனிக்கும் சம்பந்தமில்லை, அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.