‘இப்ப சுகம்தானே’ என்று விடப்படும் மாதங்கள்

கல்முனைக் கரையோர ஊர்களில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாகிவிட்டால் கவனிப்புக்குக் குறைவிருக்காது. முதல் மூன்று மாதமும் சத்தி, தலைச்சுற்று, சோறு கொதிக்கும் வாசமே ஆகாமை என்று அவள் படும் பாட்டை வீடே பார்த்து இரங்கும். பிள்ளை பிறந்தபின் நாற்பது நாளும் பத்தியச் சோறும் சரக்குத் தண்ணீருமாகத் தாங்குவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய பதினான்காம் கிழமை தொடக்கம் இருபத்தெட்டாம் கிழமை வரை, நீண்ட ஒரு காலம் கிடக்கிறது. சத்தி நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது, வயிறு இன்னும் பெரிதாகத் தள்ளவில்லை. “இப்ப சுகம்தானே” என்ற ஒரு சொல்லோடு குசினியும் முற்றமும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் வேலையும் அவள் கைக்கே திரும்பிவிடுகின்றன. வீட்டின் கவனம் தளரவே கூடாத காலத்தில்தான் அது தளர்கிறது என்பது என் கட்சி. மாரியில் வெள்ளம் ஏறும் மாவடிப்பள்ளி போன்ற ஊரில் இப்படிக் கவலைப்பட இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுகமாகத் தெரிகிற இந்த மாதங்களில் உடம்புக்குள் நடப்பது சின்ன வேலையல்ல. பதினான்காம் கிழமையில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் சிசு, இருபத்தெட்டாம் கிழமையில் ஒரு கிலோவை எட்டுகிறது. அதற்கு ஈடுகொடுக்கத் தாயின் குருதிநீர் வேகமாகப் பெருகி, எட்டாம் மாதமளவில் வழமையைவிடச் சுமார் பாதிப் பங்கு கூடிவிடுகிறது. சிவப்பணுக்கள் அதே வேகத்தில் பெருக இரும்புச்சத்து போதாமல் போனால் இரத்தச்சோகைதான். இரத்த அழுத்தமும் இந்தக் காலத்தில்தான் மிகவும் இறங்கி நிற்கும். அடுப்படியில் நெடுநேரம் நிற்பவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது அதனாலும்தான், செல்லம் கொண்டாடுவதால் அல்ல. பதினெட்டு, இருபதாம் கிழமையளவில் பிள்ளை அசைவது தெரிய வரும். உறுப்புக் குறைபாடுகளைப் பார்க்கும் ஸ்கேனுக்கும் அதுவே தவணை. கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடிக்கும் சீனிப் பரிசோதனை இருபத்துநாலுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்ட கிழமைகளில் செய்யப்படுகிறது. இந்த மாதங்களின் குறை பிள்ளையை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று நெதர்லாந்தில் இருக்கிறது. 1944-45 மாரியில் ஜெர்மன் படை உணவு வழிகளை அடைத்ததால் அங்கே பெரும் பஞ்சம் வந்தது. அப்போது ஆம்ஸ்டர்டாமில் கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் ஆய்ந்தபோது, பஞ்சம் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் தாக்கியவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகளும் மூச்சுக்குழாய் நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. நம் ஊரில் பஞ்சமில்லைதான். ஆனால் நடு மாதம் சும்மா கடந்துபோகிற மாதம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டின் பகல் சாப்பாட்டைக் கிட்ட நின்று பாருங்கள். மீனின் நடுத்துண்டு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. எல்லோரும் எழும்பியபின் சட்டியில் மிஞ்சிய ஆணத்தோடு அவள் சாப்பிடுகிறாள். பிறகு கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையை எடுத்துப் போட்டு, கையிலிருக்கும் பிளேன்டீயால் விழுங்குகிறாள். தேயிலையிலுள்ள தனின் இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். கல்சியம் குளிசையைச் சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். ஆக, குளிசை ஒழுங்காகப் போட்டதாகக் கணக்கு இருக்கும், இரத்தத்தில் அது ஏறியிருக்காது. தேநீரை ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிவைத்து, தேசிக்காய்த் தண்ணீரோடு குளிசையை விழுங்கக் காசு செலவாகாது. 1973 முதல் நாட்டில் வழங்கப்படும் திரிபோஷ மாவின் கதையும் இதே மாதிரி. தாய்க்கென்று தரும் பொதி உருண்டையாகி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது. கொடுக்காதே என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. அவளுடைய கோப்பையில் முதலில் விழட்டும் என்று உம்மாவோ கணவனோ சொல்லலாம். கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவை 2015இல் 20,000 ரூபாயாக அரசு தொடங்கியபோது அது தாயின் வயிற்றுக்கென்றே தொடங்கப்பட்டது. வீட்டின் பொதுச் சாமான் கணக்கில் அது கரைவதை எந்த அதிகாரியாலும் தடுக்க முடியாது.

இதற்கு உடனே வரும் மறுப்பு நமக்குத் தெரிந்ததுதான்: எங்கள் உம்மம்மாமார் வயலில் நாற்று நட்டுக்கொண்டே பெற்றார்களே, கர்ப்பம் என்ன வருத்தமா? வருத்தமல்ல என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நடப்பதும் அளவாக வேலை செய்வதும் நல்லது. பாயில் படுத்தே கிடப்பதால் கெடுதிதான் கூட. ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் பிழைத்துக்கொண்ட உம்மம்மாமாரின் பேரப்பிள்ளைகள். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது முப்பது நாற்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இந்த இறக்கம் தாய்மாரின் உடம்பு உரமேறியதால் வரவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரும், மலேரியாவை அடக்கியதும், வைத்தியசாலைப் பிரசவமும் சேர்ந்து கொண்டுவந்தது. வேலையிலும் வேறுபாடு உண்டு. வளவைச் சுற்றி நடப்பது ஒன்று. தண்ணீர்க் குடம் தூக்குவதும், விறகுப் புகைக்குள் குந்தியிருப்பதும், மருதமுனைக் கைத்தறியில் இடைவிடாது கால் மிதிப்பதும் வேறொன்று. வேலை செய்யாதே என்பதல்ல, இரண்டாவது வகையை வேறு ஆள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே கேட்பது.

நோன்பு விடயம் இதைவிட நுட்பமானது. கர்ப்பிணி தன் உடம்புக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது உலமாக்கள் சொல்லித் தெரிந்த சலுகை. சத்தி எடுக்கும் மூன்றாம் மாதத்தில் அந்தச் சலுகையை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஐந்தாம் மாதத்தில்தான், ஆள் நன்றாக இருக்கிறாளே என்ற பார்வை வந்து உட்காருகிறது. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் வாழும் அரபுத் தாய்மாரைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வு, ரமழானோடு சேர்ந்த கர்ப்பங்களில் பிறப்பு நிறை சற்றுக் குறைந்ததைக் காட்டியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே எல்லோரும் விடுங்கள் என்று நான் எழுதமாட்டேன். இரத்த அளவும் சீனியும் கிளினிக் அட்டையில் இருக்கின்றன. வைத்தியரிடம் அதைக் காட்டிக் கேட்டபின் அவள் முடிவெடுக்கட்டும். முகம் தெளிந்திருப்பதைப் பார்த்து அயலவர் எடுக்கிற முடிவு அதுவாக இருக்கக் கூடாது.

நம் கரையோரத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இங்கே மணமுடித்த பெண் மாமியார் வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே போன்ற மானிடவியலாளர்கள் வியந்து எழுதிய வழக்கம் இது. உம்மாவும் ராத்தாவும் அடுத்த வளவில் இருக்கும்போது உதவிக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தாலும் பெண்ணைச் சுற்றி ஆள் இருக்கிறது. அந்தக் கைகள் எல்லாம் பிரசவத்துக்கும் நாற்பதுக்கும் என்று சேர்த்துவைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். சட்டத்தின் மனமும் இப்படியே ஓடுகிறது: பிரசவ விடுமுறை 84 நாளில் பெரும்பங்கு பிறப்புக்குப் பின்னும் சிறுபங்கு அதற்குச் சற்று முன்னும் வருகிறது, ஐந்தாம் மாதத்துக்கு ஒன்றுமில்லை. மாவடிப்பள்ளியில் வீட்டு வேலையும் தையலும் செய்யும் பெண்களுக்கு அந்தச் சட்டமும் எட்டாது. அவர்களுக்கு உம்மாதான் சட்டம்.

இனி ஊருக்கு வருவோம். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவே, வயல்கள் சூழ்ந்து கிடக்கிறது மாவடிப்பள்ளி. மாரி வெள்ளம் ஏறினால் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். 2024 நவம்பர் 26ஆம் திகதி நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்குத் திரும்பிய மாணவர்களின் உழவு இயந்திரத்தை அந்த வெள்ளம் இங்கேதான் இழுத்துப் புரட்டியது. சிறுவர்களின் ஜனாஸாக்களை ஊர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தது. அப்படியான நாளில் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் சம்மாந்துறை வைத்தியசாலையும் வரைபடத்தில் மட்டுமே பக்கம். பிரசவ வலி வந்தால் வள்ளமோ உழவு இயந்திரமோ தேடி எப்படியாவது கொண்டுபோவார்கள். ஐந்தாம் மாதக் கிளினிக்குக்காக யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள், இறங்கவும் கூடாது. சிக்கல் கிளினிக் தவணையின் கணக்கில் இருக்கிறது. கடைசி மாதத்தில் கிளினிக் கிழமைக்கு ஒன்று; ஒன்று தவறினால் இடைவெளி இரண்டு கிழமைதான். நடு மாதங்களில் நான்கு கிழமைக்கு ஒன்று. ஒன்று தவறினால் இரண்டு மாதம் அவளை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். சீனிப் பரிசோதனையின் முழுத் தவணையும் அந்த இடைவெளிக்குள் போய்விடலாம்.

கிளினிக்கை அடிக்கடி வை என்றால் ஆளணி இல்லை என்று பதில் வரும், அது நியாயமான பதில்தான். ஒரே உத்தியோகத்தர் எத்தனை வீடுகளுக்குத்தான் நடப்பார்? ஆனால் வெள்ளம் வரும் மாதம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நவம்பர், டிசம்பரில் எந்தெந்தத் தாய்மார் இருபத்துநாலாம் கிழமையைத் தொடுவார்கள் என்பது ஒக்டோபரிலேயே குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பெயர்களை மட்டும் தனியே எடுத்து, தண்ணீர் வற்றிய முதல் கிழமையிலேயே ஊருக்குள் ஒரு பகல் சீனிப் பரிசோதனைக்கு ஒதுக்கலாம். இரண்டு மாதத்துக்கான குளிசைகளை முன்னதாகவே கையில் கொடுத்துவிடலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இந்த ஒக்டோபரிலேயே அந்தப் பட்டியலைப் போடட்டும். பரிசோதனைக்கு இடம் கொடுக்கும் பொறுப்பைப் பள்ளிவாசல் நிர்வாகம் ஏற்கட்டும்.