நாணற்கூரை வீடும் இரண்டு மாத அறிவிப்பும்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் என்றவுடன் நம்மில் பலருக்கு ஒரு படம் கண்முன் தோன்றும். நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களின் மூடிகளிலும் நாம் கண்ட படம் அது. நாணல் வேய்ந்த கூரை, கருங்கற் சுவர், வாயிலில் ஏறிப் படர்ந்த ரோசாக்கொடி, அப்பால் ஓர் ஆலயக் கோபுரம். அந்தப் படத்தில் பெரும்பாலும் மனிதர் எவரும் இரார். எவரேனும் இருந்தாலும், அவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரா, வாடகைக்குக் குடியிருப்பவரா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கேட்டுப் பார்த்தால் படத்தின் அழகு சற்றே மங்கிவிடும். ஆயினும் கேட்டே ஆக வேண்டிய காலம் இது.

2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்நாட்டு வீட்டுச் சொந்தக்காரர்கள் பலரைச் சினமுறச் செய்தது. அவர்களுடைய வாதம் இது: "எங்கள் பணத்தில் வாங்கிய வீடு. பழுது பார்ப்பவர் நாங்கள்; வரி செலுத்துபவர் நாங்கள். நாங்கள் விரும்பும்போது அதைத் திரும்பப் பெறக் கூடாதா? இப்படிக் கட்டிப்போட்டால் வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிடுவோம். அப்போது அல்லற்படப் போவது ஏழை வாடகைதாரர் அன்றோ?" மேலோட்டமாகக் கேட்டால் நியாயம் போலத் தோன்றும். ஊரில் ஒன்றிரண்டு சிறு வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வாடகையில் முதுமையைக் கழிக்கும் ஒருவர் இவ்வாறு கேட்டால் உள்ளம் இளகவும் செய்யும். ஆனால் இந்த வாதம் தவறானது. நகரத்தில் பாதி தவறென்றால், சிற்றூரில் முழுவதும் தவறு.

எந்த உரிமை பறிபோயிற்று என்று இவர்கள் புலம்புகிறார்கள்? 1988-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், 1989 சனவரி 15 முதல், குறுகிய கால உறுதிக் குத்தகை என்ற ஒரு முறையைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் சொந்தக்காரர் இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்துக் குடியிருப்பவரை வெளியேற்றலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாடகை தவறியிருக்க வேண்டியதில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கவும் வேண்டியதில்லை. 1997 பிப்ரவரி 28 முதல், வேறாகக் குறிப்பிடாத புதிய குத்தகைகள் எல்லாம் இவ்வகையினவே என்றாயிற்று. இப்பிரிவு ஒழியும் நாளாக 2026 மே 1 குறிக்கப்பட்டது. புதிய சட்டத்திலும் சொந்தக்காரர் தம் வீட்டை விற்க விரும்பினால், அல்லது தாமோ தம் குடும்பத்தாரோ குடிபுக விரும்பினால், முதல் 12 மாதங்கள் கழிந்தபின் நான்கு மாத அறிவிப்புக் கொடுத்து வீட்டைப் பெறலாம். வாடகை கொடாதவரை வெளியேற்றவும் வழி உண்டு. ஆக, பறிபோனது வீடு அன்று. காரணம் கூறாமல் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் வசதி ஒன்றுதான் பறிபோனது. அந்த வசதிக்காகவா இத்தனை கண்ணீர்?

சிற்றூரில் இது ஏன் பெரிதாகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மான்செஸ்டரிலோ பர்மிங்காமிலோ ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், அடுத்த தெருவில் வேறு வீடு பார்க்கலாம். பிள்ளைகள் அதே பள்ளிக்குச் செல்லலாம். ஐம்பது அறுபது வீடுகளே உள்ள ஊரில் வாடகைக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான். அந்த வீடு போனால் ஊரே போயிற்று. பள்ளியும், வேலையும், முதிய தாயை மாலையில் சென்று பார்க்கும் வழக்கமும் போயின. பேருந்து அரிதாக வரும் இடத்தில், பத்து மைல் தொலைவு என்பது வேறு நாடு போன்றது.

மேலும், ஊர் சிறியதாதலால் மனிதர்களின் பதவிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வீட்டின் சொந்தக்காரரே வேலை தரும் பண்ணையாராக இருக்கலாம். ஊர் மன்றத்தில் உறுப்பினராகவும், ஆலயத்தில் முன்வரிசையில் அமர்பவராகவும் இருக்கலாம். குழந்தையின் படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்திருப்பதை அத்தகையவரிடம் ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? வீடு குடியிருக்கத் தகுதியுடையதாய் இருக்க வேண்டும் என்று கூறும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. முறையிட்டவரைப் பழிவாங்கும் நோக்கோடு வெளியேற்றுவதைத் தடுக்க 2015-இலேயே ஒரு விதி செய்தார்கள். ஆனால் அவ்விதியின் காப்பைப் பெற, முதலில் எழுத்தில் முறையிட வேண்டும்; பின்பு மாவட்ட மன்ற அலுவலர் வந்து பார்த்து, சீர்செய்யும்படி ஆணை பிறப்பிக்க வேண்டும். அதன்பின் கிடைக்கும் பாதுகாப்பு ஆறு மாதம். ஆறு மாதப் பாதுகாப்புக்காக வாழ்நாள் முழுவதற்குமான பகையை விலைக்கு வாங்குவார் யார்? தலைக்கு மேல் 21-ஆம் பிரிவு தொங்கிக்கொண்டிருந்தவரை, மற்ற உரிமைகள் அனைத்தும் ஏட்டுச் சுரைக்காயே.

இது நேற்று முளைத்த அச்சம் அன்று. டார்செட் பகுதியில் மில்டன் ஆபஸ் என்றோர் ஊர் உண்டு. ஒரே மாதிரியான வெண்சுவர் வீடுகள் பாதையின் இருமருங்கும் நாணற்கூரையோடு நிற்கும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த அழகிய ஊர், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தம் மாளிகையின் காட்சிக்கு இடையூறாய் இருந்த பழைய ஊரை இடித்து அகற்ற விரும்பிய மில்டன் பிரபுவால் கட்டப்பட்டது. நாட்காட்டிப் படத்தை இரசிப்போர் இதையும் சேர்த்து இரசிக்கட்டும்.

வார்விக்‌ஷயரின் பார்ஃபோர்டு என்னும் சிற்றூரில் 1826-இல் பிறந்த ஜோசப் ஆர்ச் என்பவரின் வாழ்க்கை இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. வேலி வெட்டும் தொழிலாளி அவர். மெதடிஸ்டு சபையின் பொதுநிலைப் போதகரும் ஆவார். 1872 பிப்ரவரி 7 அன்று வெல்ஸ்போர்ன் என்னும் ஊரில் ஒரு மரத்தடியில் கூடிய பண்ணைத் தொழிலாளரிடையே பேசி, இங்கிலாந்தின் வேளாண் தொழிலாளர் சங்கத்துக்கு வித்திட்டார். 1885-இல் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். அவ்வட்டாரத்தில் அவரைவிடத் துணிவுடையோர் இல்லாமலா போயினர்? இருந்திருப்பர். ஆனால் ஆர்ச் குடியிருந்த சிறு வீடு அவருடைய குடும்பத்துக்கே சொந்தமானது. அவரை வெளியேற்ற எவராலும் இயலாது. சங்கத்தில் சேர்ந்த மற்றவர்களோ பண்ணையாரின் வீட்டிலிருந்து மனைவி மக்களோடு வெளியே தள்ளப்பட்டனர். நாவின் விடுதலைக்கும் கூரையின் உறுதிக்கும் உள்ள தொடர்பை விளக்க இதற்குமேல் சான்று வேண்டுமோ?

வேலையோடு கட்டப்பட்ட இவ்வீடுகளில் குடியிருப்போருக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஓரளவு காப்பளித்தது. வேலை போனாலும் வீடு உடனே போகாது என்ற நிலை அப்போது உருவாயிற்று. பின்னர் வந்த 1988-ஆம் ஆண்டின் ஏற்பாடு அக்காப்பை ஒருவகையில் தொடர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் குடிபுகுமுன் ஒரு படிவத்தைத் தொழிலாளியிடம் கொடுத்துவிட்டால் போதும், காப்பற்ற குறுகிய காலக் குத்தகையாக அதை மாற்றிவிடலாம். நூறாண்டுப் போராட்டத்தின் பயனை ஒற்றைத் தாள் தின்றுவிட்டது.

இனி, வீட்டைப் பராமரிக்கும் கதைக்கு வருவோம். "பராமரிப்பவர் நாங்கள்" என்பதுதானே அவர்களுடைய பெருமை? பல சிற்றூர்களில் எரிவாயுக் குழாய் கிடையாது. தோட்டத்து மூலையில் ஓர் எண்ணெய்த் தொட்டி நிற்கும். குளிர்காலத்துக்கு வேண்டிய எண்ணெயைக் குடியிருப்பவரே வாங்கி நிரப்ப வேண்டும். குறைந்தது 500 லிட்டர் வாங்கினால்தான் பல வணிகர் வண்டி அனுப்புவர். வாரக் கூலி பெறுபவர் அத்தொகையை ஒரேயடியாக எங்கே புரட்டுவார்? பழங்காலத்துக் கற்சுவர் வெப்பத்தைத் தாங்கி நிற்பதில்லை. வாடகை வீடுகள் ஆற்றல் தரவரிசையில் 'இ' என்னும் நிலைக்குக் கீழ் இருக்கலாகாது என்று புதிய குத்தகைகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், நடப்பிலுள்ளவற்றுக்கு 2020 ஏப்ரல் முதலும் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் 3,500 பவுண்டு வரை செலவிட்டும் அந்நிலையை எட்ட முடியவில்லை என்றால், சொந்தக்காரர் ஐந்தாண்டுக்கு விலக்குப் பதிவு செய்துகொள்ளலாம். விலக்கு அவருக்கு, குளிர் குடியிருப்பவருக்கு!

ஈரக்கசிவு பற்றிச் சொன்னால் வரும் மறுமொழி அந்நாட்டு வாடகைதாரருக்கு மனப்பாடம்: "வீட்டுக்குள் துணி உலர்த்தாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்." மழை நாளில் எங்கே உலர்த்துவது என்பதற்கும், சனவரி மாதத்தில் சன்னலைத் திறந்து வைத்தால் எரிந்து தீரும் எண்ணெய்க்கு யார் பணம் தருவது என்பதற்கும் மறுமொழி இல்லை. சொல்பவர் சொந்தக்காரரும் அல்லர். அருகிலுள்ள நகரில் மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் வாடகை முகவர் அவர். இவர்கள் பெயரை எழுதுவதற்கு ஒரு கட்டணம், நற்சான்று பார்க்க ஒரு கட்டணம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு கட்டணம் என்று வாடகைதாரரிடம் கறந்து வந்தனர். 2019 சூன் 1 முதல் சட்டம் அதைத் தடுத்தது. முன்பணமும் பெரும்பாலோர்க்கு ஐந்து வார வாடகைக்கு மேற்படலாகாது என்றாயிற்று. அப்போதும், முகவர் தொழில் அழிந்துவிடும், வாடகை வீடே கிடைக்காது என்று ஓலமிட்டார்கள். இன்றும் முகவர்கள் இருக்கிறார்கள்; நலமாகவே இருக்கிறார்கள்.

ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார் 1865-இல், ஜான் ரஸ்கின் தந்த பணத்தைக்கொண்டு இலண்டனில் சில பாழடைந்த வீடுகளைப் பொறுப்பேற்றார். முதலீட்டுக்கு 5 விழுக்காடு ஆதாயம் போதும் என்று வரையறுத்தார். வாரந்தோறும் வாசலுக்கே சென்று வாடகை பெற்றார். செல்லும்போது ஒழுகும் கூரையையும் உடைந்த சாக்கடையையும் தம் கண்ணால் கண்டார். வாடகை பாக்கி வைத்தவரிடம் அவர் காட்டிய கடுமையை நான் பாராட்டமாட்டேன். ஏழைகளைத் திருத்தப் புறப்பட்ட சீமாட்டியின் தோரணை அதில் உண்டு. ஆயினும் தாம் வாடகை பெறும் வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர் அவர். 1895-இல் அவர் இணைந்து தோற்றுவித்த தேசிய அறக்கட்டளையிடம் 1944-இல் வில்ட்‌ஷயரின் லேக்காக் என்னும் சிற்றூர் கொடையாக வந்தது. திரைப்படக்காரர் தேடி வரும் அழகு அந்த ஊருக்கு உண்டு. ஆனாலும் அங்கே மக்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். சொந்தக்காரர் மனம் வைத்தால் அழகும் குடியிருப்பும் ஒரே ஊரில் இருக்கலாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

"வாடகைக்கு விடுவதை நிறுத்திவிடுவோம்" என்ற மிரட்டலுக்கு வருவோம். நிறுத்திவிட்டு வீட்டை என்ன செய்வார்கள்? சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. விற்றால் வேறொரு குடும்பம் குடிபுகும். அதில் ஊருக்கு இழப்பில்லை. உண்மையான அச்சம் வேறு. வீடு விடுமுறைப் பயணிகளுக்கான வார விடுதியாகிவிடும். கார்ன்வாலின் கடலோர ஊர்களில் இது கண்கூடு. குளிர்காலத்தில் தெருவெங்கும் விளக்கில்லாத சன்னல்கள். பிள்ளை இல்லாமல் நலிந்துபோகும் பள்ளிகள். ஆனால் இந்த மாற்றத்தை வளர்த்தது வாடகைதாரரின் உரிமையா? இல்லை. அரசின் வரிவிதிகளே அதை வளர்த்தன. நீண்டகால வாடகைக்கு விட்டவருக்கு, வீட்டுக் கடன் வட்டியை முழுவதும் கழித்துக்கொள்ளும் சலுகை 2017 முதல் 2020-க்குள் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அதே வீட்டை அறைகலன்களோடு விடுமுறை விடுதியாக்கியவருக்கோ முழுக் கழிவும் தொடர்ந்தது. அதோடு நிற்கவில்லை. வணிகக் கணக்கில் சேர்ந்துவிட்டால் மன்ற வரி கிடையாது. மதிப்பு 12,000 பவுண்டைத் தாண்டாத ஒரே விடுதி என்றால் வணிக வரியும் கிடையாது. தபால்காரரின் குடும்பத்தை வெளியேற்றிவிட்டு வாரப் பயணிகளைக் கொண்டுவந்தவருக்கு அரசே பரிசு கொடுத்த கதை இது. வருமான வரிச் சலுகை 2025 ஏப்ரலில் ஒழிந்தது. அந்தக் காலமெல்லாம் வாய் திறவாதவர்கள்தாம் இப்போது ஏழை வாடகைதாரருக்காக உருகுகிறார்கள்.

ஊரார் தாமே முயன்றதும் உண்டு. செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிலையாகக் குடியிருப்போருக்கே என்று பெரும்பான்மையாக முடிவு செய்தனர். உயர்நீதிமன்றமும் அதே ஆண்டில் அதை ஏற்றது. ஆனால் அம்முடிவு புதிய வீடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். துறைமுகத்தை நோக்கிய பழைய மீனவர் வீடுகளை அது தொடுவதில்லை.

இங்கே 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு; சொந்தக்காரர்கள் கூறும் குறைக்கு அது நேர் எதிரானது. அச்சட்டத்தின்படி வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைதான் உயர்த்தலாம்; மிகுதி என்று கருதினால் குடியிருப்பவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் தீர்ப்பாயம் எதை அளவுகோலாகக் கொள்ளும்? வெளிச் சந்தையில் அவ்வீட்டுக்கு என்ன வாடகை கிடைக்குமோ அதை. இலண்டன் சம்பளத்தோடு வந்து குடியேறுவோரும், வார விடுதிகளின் பெருக்கமும் சேர்ந்து உயர்த்திவிட்ட தொகைதான் அந்த ஊரின் சந்தை வாடகை. முதியோர் இல்லத்தில் பணிபுரியும் பெண்ணின் சம்பளம் அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. காரணமின்றி அவளை வெளியேற்ற முடியாது. கட்ட முடியாத வாடகையைக் கேட்டு, பாக்கி விழுந்தபின் காரணத்தோடு வெளியேற்றலாம். அவ்வூரில் உழைப்போரின் வருமானத்தையும் எடைபோட்டு வாடகையை முடிவு செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றம் தீர்ப்பாயத்துக்கு வழங்க வேண்டும். குடியிருப்பு வீட்டை விடுதியாக மாற்ற ஊரின் ஒப்புதல் வேண்டும் என்றும் விதிக்க வேண்டும். சொந்தக்காரர் சங்கங்கள் இவ்விரண்டையும் எதிர்க்கும் என்பதில் ஐயமில்லை. எதிர்க்கும்போதேனும், யாருக்காக எதிர்க்கிறோம் என்று உண்மையைச் சொல்லட்டும்.