கறுப்பு ஒரு சரும வகையல்ல

எங்கள் புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கும் பெண்கள் கல்யாணம் நெருங்கினால் ஸ்கிரப் வாங்குகிறார்கள், முகம் வெளுக்க. சருமத்தில் எண்ணெய்ப் பசை, வறட்சி, கலவை என்று வகையுண்டு. கறுப்பு வகையுமல்ல, நோயுமல்ல. இறந்த செல்களை உடம்பே உதிர்த்துவிடும். வேண்டுமானால் எண்ணெய் வழியும் முகத்துக்குச் சாலிசிலிக் அமிலம், வறண்டதற்கு லாக்டிக் அமிலம், வாரத்துக்கு ஒருமுறை. கரிசல் வெயிலில் இறங்குகிறவளுக்குச் சன்ஸ்கிரீனும் அவசியம். வால்நட் ஓட்டுத்தூளைப் போட்டுப் பரபரவென்று தேய்த்தால் தோல் புண்ணாகும். நம் நிறத்தில் அந்தப் புண் கருந்திட்டாகவே தங்கும். வெளுக்கத் தேய்த்து இன்னும் கறுக்கிறோம்.

1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேரை’ எடுத்தது. பெண் பார்க்க வருகிறவர்களின் வாயிலிருந்து யார் எடுப்பது? "மாப்பிள்ளை என்ன ஸ்கிரப் போடுகிறார்?" என்று ஒருமுறை கேட்டேன். காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள்.