காரணம் சொல்லாத மறுப்புகள்: வேலையிட மாற்று விண்ணப்பம் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: பினாங்கு மாநிலத்தில் தொழிலாளர் நலனுக்குப் பொறுப்பான அதிகாரிகள்
பொருள்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60கியூ பிரிவை நடைமுறைப்படுத்தக் கோருதல்

வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகிய மூன்றில் எதையும் மாற்றித் தருமாறு முதலாளியிடம் விண்ணப்பிக்க 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60பி பிரிவு தொழிலாளிக்கு இடம் தருகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இப்பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. விண்ணப்பத்தைப் பெற்றவரின் கடமையை அடுத்துள்ள 60கியூ பிரிவு வகுக்கிறது. விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் முதலாளி அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மறுப்புக்கான காரணத்தையும் குறிப்பிட வேண்டும்.

ஜோர்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாசிலும் கணக்கு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் சேவை, மென்பொருள் ஆகிய பிரிவுகளில் வேலை செய்வோரின் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

கோரிக்கை புதியதன்று. சட்டம் நடப்புக்கு வந்த ஆண்டிலேயே சங்கம் எழுதிய முதல் கடிதம், அறுபது நாள் கடந்தும் விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை என்று முறையிட்டது. கிடைத்ததற்கு அடையாளமாக நகலில் ஒரு முத்திரை விழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாம் கடிதம், மேலாளர்கள் வாய்மொழியாகவே மறுத்து அனுப்புவதைச் சுட்டி, முடிவு எழுத்தில் இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்காட்டியது. அதற்கும் பதில் இல்லை. பின்னர் சென்ற கடிதத்தோடு, உறுப்பினர்களுக்கு எழுத்தில் வந்த மறுப்புகளின் நகல்கள் இணைக்கப்பட்டன. அவை அனைத்திலும் காரணமாக இருந்தவை ‘செயல்பாட்டுத் தேவை’ என்ற இரண்டு சொற்களே. கணக்காளருக்கும் அதுவே, மென்பொருள் சோதிப்பவருக்கும் அதுவே, படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டவருக்கும் அதுவே. பெயரும் தேதியும்தான் மாறியிருந்தன. அக்கடிதமும் கோப்பிலேயே கிடப்பதால், முன்பு சொன்னவை இங்கே மீண்டும் முழுமையாகச் சொல்லப்படுகின்றன.

முதன்மைக் கோரிக்கை: மறுக்கும் முதலாளி, அந்த விண்ணப்பத்துக்கும் அந்த வேலைக்கும் உரிய காரணத்தை எழுத வேண்டும், எழுதாத மறுப்பை 60கியூ பிரிவை மீறியதாகவே அதிகாரிகள் கொள்ள வேண்டும்.

இச்சட்டம் எல்லா விண்ணப்பங்களையும் ஏற்கச் சொல்லவில்லை. மறுக்கும் அதிகாரம் முதலாளியிடமே இருக்கிறது. அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 60பி, 60கியூ ஆகிய இரு பிரிவுகளிலும் வழி எதுவும் வகுக்கப்படவில்லை. ஆகவே தொழிலாளியின் கையில் எஞ்சுவது காரணம் கேட்கும் உரிமை ஒன்றுதான். எந்த வேலை, எந்தக் கருவி, எந்த வாடிக்கையாளர் என்று காரணத்தில் இருந்தால், அதைத் தீர்க்கும் யோசனையோடு அவர் மறுபடி விண்ணப்பிக்கலாம். வாடிக்கையாளர் தரவு அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதப்பட்டால், தரவைத் தொடாத பணிகளை வீட்டு நாளுக்கு ஒதுக்கிக் கேட்கலாம். ‘செயல்பாட்டுத் தேவை’ என்ற பதிலுக்கு எதைச் சொல்லி மறுபடி கேட்பது? காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்று நாடாளுமன்றம் எழுதியது, இப்படி எந்த மறுப்புக்கும் பொருந்தும் ஒரு வாசகத்தை ஒட்டிவிட்டுப் போவதற்காக இருக்க முடியாது.

பிற நாடுகளின் நடைமுறை இதைத் தெளிவாக்குகிறது. பிரிட்டனின் 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டம் மறுப்புக்கு இடமளிக்கும் எட்டு வணிகக் காரணங்களை வரையறுத்திருக்கிறது. கூடுதல் செலவு, வாடிக்கையாளர் தேவையை நிறைவு செய்ய இயலாமை, தரம் குறைதல் ஆகியவை அவற்றுள் சில. 2024 ஏப்ரல் 6 முதல், தொழிலாளியுடன் கலந்து பேசாமல் மறுக்கவும் அங்கே முடியாது. சிங்கப்பூரில் நெகிழ்வான வேலை ஏற்பாடுகள் குறித்து 2024 டிசம்பர் 1இல் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி, இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரச் சொல்கிறது. நிர்வாகத்துக்கு இத்தகைய ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை என்பதும், வேலை திருப்தியாக நடந்தாலும் ஊழியர் கண்ணெதிரே இருப்பதையே மேலாளர் விரும்புகிறார் என்பதும் ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல என்று அது பெயர் சொல்லியே விலக்குகிறது. பினாங்கில் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் மறைந்திருப்பவை பெரும்பாலும் இவ்விரண்டு காரணங்கள்தான் என்பது சங்கத்தின் உறுதியான கருத்து.

வேலை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இதே பிரிவுகளில் இருந்தவர்கள் மடிக்கணினியுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கணக்கு முடிக்கப்பட்டது, சம்பளம் தேதி தவறாமல் ஏறியது. அன்று முடிந்த வேலை இன்று ஏன் முடியாது என்பதற்கு உண்மையான காரணம் இருக்கலாம். இருந்தால் அதை எழுதுவதில் தயக்கம் இருக்கக்கூடாது.

பினாங்கின் நில அமைப்பு இக்கோரிக்கையின் அவசரத்தைக் கூட்டுகிறது. தீவில் வீட்டு விலை கட்டுப்படியாகாததால் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் குடியிருந்து, வேலைக்குக் கடல் கடந்து வருவோர் ஏராளம். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமுமே கார்களுக்கு வழி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் கார்களை ஏற்றுவதில்லை. முத்தியாரா இலகு ரயில் தடத்தின் கட்டுமானம் 2025இல்தான் தொடங்கியது. 2031இல் முடிப்பது திட்டம். அதுவரை காலையிலும் மாலையிலும் பாலத்தில் வரிசையாக நிற்பதைத் தவிர இவர்களில் காரில் வருவோருக்கு வேறு வழியில்லை. வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது இவர்களுக்குச் சலுகை அன்று. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க அதுவே வழி.

அதிகாரம் போதாது என்று சொல்வதற்கும் இடமில்லை. தனித் தண்டனை குறிப்பிடப்படாத விதிமீறலுக்கு, 99ஏ பிரிவின் கீழ் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இத்தொகையும் அதே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 10,000 வெள்ளியிலிருந்து உயர்த்தப்பட்டது. முதல் நாளே அபராதம் விதிக்கச் சங்கம் கேட்கவில்லை. விளக்கம் கேட்டு ஓர் அலுவலகக் கடிதம் போனாலே பல நிர்வாகங்கள் காரணத்தை எழுதத் தொடங்கும்.

ஏனைய கோரிக்கைகள் வருமாறு:

2. உற்பத்தித் தளத்தில் இயந்திரத்தின் முன் நிற்போர் வேலையிடத்தை மாற்றிக் கேட்க இயலாது. 60பி பிரிவு நேரத்தையும் நாளையும் மாற்றக் கேட்கும் உரிமையை அவர்களுக்கும் அளிக்கிறது என்பதைத் தொழிற்சாலை அறிவிப்புப் பலகைகளில் தமிழ் உட்பட அவர்கள் படிக்கும் மொழிகளில் ஒட்டச் செய்தல்.

3. வீட்டில் வேலை நேரத்தில் நேரும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவிடம் இழப்பீடு கோரும் முறையை விளக்கிச் சுற்றறிக்கை விடுத்தல்.

4. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கான பயிற்சி, மென்பொருள் செலவுகளுக்கு 2025 வரவு செலவுத் திட்டம் அறிவித்த 50 விழுக்காட்டுக் கூடுதல் வரிக்கழிவை, சிறு நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்லுதல்.

5. விண்ணப்பித்த காரணத்துக்காக ஊழியரின் ஆண்டு மதிப்பீடு குறைக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுதல்.

இந்நான்கும் பின்னர் கவனிக்கப்படினும் சங்கம் பொறுத்திருக்கும். முதன்மைக் கோரிக்கைக்கு அவ்வாறு காத்திருக்க இயலாது. மறுப்புகளின் நகல்கள், உறுப்பினர்களின் பெயர் நீக்கப்பட்டு, மீண்டும் இணைக்கப்பட்டுள்ளன. இம்மனு கிடைத்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள், ஏற்பானாலும் மறுப்பானாலும், காரணத்துடன் எழுத்தில் பதில் தருமாறு அதிகாரிகளைச் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

செயலாளர்
சங்கத்தின் செயற்குழுவுக்காக
ஜோர்ஜ்டவுன், பினாங்கு